தனிச் சாக்கு கேட்கும் சோயா

சிங்கப்பூரில் கேலாங்கின் லோரோங்குகளில் இரவு வெகுநேரம் கழித்தும் தவ்ஹுவே கிண்ணங்கள் காலியாகிக்கொண்டிருக்கும். கேலாங் சிராய் சந்தையில் தெம்பே வாங்க ஆள் குறையாது. இரண்டும் சோயாதான். ஆனாலும் சோயா பால் என்றால் முகம் சுளிக்கும் தமிழர்கள் ஏராளம். குமட்டுவது அந்தப் பச்சை வாடை.

வாடைக்கு முக்கியக் காரணம் லிபாக்சிஜனேஸ்-2 என்ற நொதி. ஊறிய சோயாவை அரைத்ததுமே அது கொழுப்பைச் சிதைத்து ஹெக்சனால் போன்ற பொருள்களை உண்டாக்குகிறது. நொதியை உருவாக்கும் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. செரிமானத்தைக் கெடுக்கும் குனிட்ஸ் டிரிப்சின் தடுப்பானுக்கு உரியது 8ஆம் குரோமோசோமில். இரண்டும் செயலிழந்த வடிவங்கள் இயற்கையிலேயே உண்டு. ஆனால் அவை ஒடுங்குபண்புகள். கலப்புச் செடி அவற்றைச் சுமந்தாலும் வெளியே தெரியாது. மரபணு வரைபடம் இங்கேதான் கைகொடுக்கிறது. நாற்றின் ஓர் இலைத்துண்டைச் சோதித்தே எதை வளர்ப்பது, எதைக் கழிப்பது என்று சொல்லிவிடலாம். காய்க்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லாப் பண்பும் இவ்வளவு எளிதில் அகப்படாது. சோயா பால் தவ்ஹுவாக நன்றாக உறைவதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டுச் சோயாவோடு கலப்பு செய்து, புரத அளவை ஆளும் பகுதி ஒன்று 20ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2010இல் சோயாவின் முழு மரபணுத் தொகுதியே வெளிவந்தது. அப்படியும் அந்த ஒற்றை மரபணுவைப் பிடித்ததாக அறிவிக்க 2022 ஆகிவிட்டது. கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை: புரதம் கூடினால் பெரும்பாலும் எண்ணெய் குறைகிறது. எண்ணெய் ஆலைக்காரர் அதை ஏன் விரும்பப்போகிறார்?

இந்தியாவின் இந்தூரில் உள்ள தேசிய சோயா ஆராய்ச்சி நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது. என்ஆர்சி 127 ரகத்தில் அந்த டிரிப்சின் தடுப்பான் இல்லை. என்ஆர்சி 142இல் வாடை நொதியும் சேர்ந்தே இல்லை. பெயர்தான் மோட்டார் உதிரிபாகத்துக்கு வைத்ததுபோல் இருக்கிறது, போகட்டும். மண்டிக்குப் போனதும் எல்லா ரகமும் ஒரே குவியல். எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கு பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. உழவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காதபோது அந்த விதையை அவர் ஏன் தேட வேண்டும்?

கனடா இதைச் சாமர்த்தியமாகச் செய்கிறது. உணவுத்தர சோயாவை விதைப்பிலிருந்து கப்பல்வரை பிறவற்றோடு கலக்காமல் காத்து, உழவருக்குக் கூடுதல் விலை கொடுத்து, ஆசியாவின் தவ்ஹு ஆலைகளுக்கு விற்கிறது. இந்தியாவுக்கும் ஒரு சாதகம் உண்டு: மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அங்கே அனுமதி இல்லை, அதனால் அது கலந்துவிடும் அச்சமும் குறைவு.

ஆராய்ச்சிக்கு இன்னும் நிதி கேட்பதைவிட, வாங்குபவரைத் தேடுவதுதான் இப்போது அவசரம். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், சோயாவையும் வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். இங்குள்ள இந்திய வணிகர்கள் ரகத்தின் பெயரைச் சொல்லி, தனிச் சாக்கில் கேட்டு, விலையும் கொஞ்சம் கூட்டித் தரட்டும். முதல் முறைக்கு ஒரு கொள்கலன் போதும். அரைத்துப் பார்த்துத் தவ்ஹுவே கடைக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.