சந்திரமுகிக்கு மறுபடியும் பேய் பிடித்தது

"சந்திரமுகி" என்னும் சினிமாவின் முதற் பாகம் 2005-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி வெளியாயிற்று. அதன் இரண்டாம் பாகம் 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ந் தேதி வெளியாயிற்று. இரண்டையும் எடுத்த டைரக்டர் பி. வாசு ஒருவரேயாவார். இடையில் 18 வருஷ காலம் சென்றிருக்கின்றது. இந்தப் 18 வருஷத்தில் உலகம் எவ்வளவோ தூரம் முன்னுக்குப் போயிருக்க, சந்திரமுகி மாத்திரம் பின்னுக்குப் போய்விட்டாள். எப்படியென்றால், 2005-ல் நோயாக இருந்தவள் 2023-ல் பேயாகிவிட்டாள். இந்த அதிசயத்தைப் பற்றியே சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

முதலாவதாக ஒன்று சொல்லிவிடுகின்றோம். சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் நாம் அல்ல. பயங்கரப் படங்களிலும் கொலைப் படங்களிலும் நமக்கு வெகு நாளாகவே ஆசை உண்டு. இருட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, திரையிலே கதவு கிரீச்சென்று திறக்கும்போது பக்கத்திலிருப்பவன் கையைப் பிடித்துக் கொள்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கின்றது. பயப்படுவது மூடநம்பிக்கை ஆகாது. பயந்ததற்குக் காரணம் என்னவென்று தேடாமல் விட்டுவிடுவதுதான் மூடநம்பிக்கையாகும். "சந்திரமுகி" முதற் பாகத்தை நாம் பல தடவை பார்த்ததும், பிறரைப் பார்க்கச் சொன்னதும், அது பயப்படுத்தியதோடு நில்லாமல் காரணத்தையும் தேடிக் கொடுத்ததனாலேயேயாகும்.

அந்தக் கதை யாவரும் அறிந்ததே. வேட்டையபுரம் அரண்மனையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. அதிலே ராஜா ஒருவனால் கொல்லப்பட்ட நாட்டியக்காரியின் ஆவி இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அரண்மனையை வாங்கிய செந்தில்நாதனின் மனைவி கங்கா அந்த அறையைத் திறக்கிறாள். பிறகு சாமான்கள் உடைகின்றன. நடு ராத்திரியில் சலங்கைச் சத்தம் கேட்கிறது. கொட்டகையில் இருப்பவர்கள் எல்லாம் பேய்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சரவணன் என்கின்ற மனவைத்திய டாக்டர் புருஷனைத் தனியே அழைத்து, இதைச் செய்வது ஆவியும் அல்ல, பிசாசும் அல்ல, உன் மனைவியே செய்கிறாள், அவள் மனதுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்லுகிறார். கடைசியில் நோய் நீங்குகின்றது. கங்கா கங்காவாகவே வீட்டுக்குப் போகிறாள்.

இந்தப் பாகத்திலும் குறை இல்லாமல் இல்லை. டாக்டருக்குப் பக்கத்திலே ஒரு மந்திரவாதிக்கும் ஆசனம் போட்டிருந்தார்கள். கதைக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு பெரிய பாம்பையும் அறைக்குள் விட்டிருந்தார்கள். இருந்தபோதிலும் அந்த மந்திரவாதியே டாக்டரின் யோசனைப்படி நடக்க வேண்டியிருந்தது. நம் நாட்டு சினிமாவில் மந்திரவாதி டாக்டர் பேச்சைக் கேட்டது சின்னக் காரியம் அல்ல. மலையாளத்தில் 1993-ல் ஃபாசில் எடுத்த "மணிச்சித்திரத்தாழ்" என்னும் படந்தான் இதற்கு மூலம். அங்கிருந்து கன்னடத்துக்கும் தமிழுக்கும் ஹிந்திக்கும் இக் கதை போயிற்று. போன இடமெல்லாம், பேய் என்று ஊர் சொன்னதை நோய் என்று டாக்டர் சொன்னார். ஜனங்களும் கேட்டுக் கை தட்டினார்கள். தமிழில் சென்னை சாந்தி தியேட்டரில் மாத்திரம் 800 நாட்களுக்கு மேல் ஓடிற்று. ஆகவே, பேய் இல்லை என்று சொன்னால் ஜனங்கள் டிக்கெட்டு வாங்கமாட்டார்கள் என்று இனி எவரும் சொல்லுவதற்கு இடமில்லை.

நிற்க, இரண்டாம் பாகம் என்ன சொல்லுகிறது? ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு அடுக்கடுக்காகத் துன்பம் வருகின்றது. குரு ஒருவர், குலதெய்வத்துக்குப் பூசை செய்யாததே அதற்குக் காரணம் என்கிறார். குடும்பம் பூசைக்காக அதே வேட்டையபுரத்துக்கு வந்து, அதே அரண்மனையில் குடியேறுகிறது. அவ்வீட்டுப் பெண்ணொருத்தியின் மேல் சந்திரமுகியின் ஆவி வந்து ஏறுகிறது. இந்தத் தடவை அது நோய் அல்ல, நிஜமான ஆவியாம்! அது போதாதென்று வேட்டையனின் ஆவியும் வந்து கதாநாயகன் மேல் ஏறுகிறது. இரண்டு ஆவிகளும் வாளெடுத்துச் சண்டையிடுகின்றன.

அப்படியானால் நாம் கேட்கின்றோம்: முதற் பாகத்தில் டாக்டர் சொன்னது பொய்யா? அவர் படித்த படிப்பெல்லாம் வீணா? ஊரார் சொன்ன பேய்க்கதைதான் மெய்யா? ஒரு கதை தனக்கு முன்னே சொன்ன உண்மையைத் தானே விழுங்கிவிட்டு, விழுங்கியதற்கும் டிக்கெட்டு விற்பதை நாம் இப்பொழுதுதான் பார்க்கின்றோம். முதற் பாகம் ஓடிய ஓட்டத்தை இரண்டாம் பாகம் காணவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டியது அவசியமாகும்.

இது தமிழருக்கு மாத்திரம் வந்த வியாதியுமல்ல. இதே கதையை ஹிந்தியில் 2007-ல் எடுத்தபோது நோய் என்றார்கள். 2022-ல் இரண்டாம் பாகம் எடுத்தபோது அங்கும் நிஜப் பேயே வந்துவிட்டது. அமெரிக்காவிலோ 1980-ல் "ஃபிரைடே தி 13த்" என்று ஒரு கொலைப்படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்கும் வெள்ளிக்கிழமையும் 13-ந் தேதியும் சேர்ந்து வந்தால் ஆகாது. நமக்கு ராகுகாலம் போல. அந்த முதற் படத்தில் ஆட்களை ஒவ்வொருவராக வெட்டியது யாரென்றால், மகன் ஏரியில் மூழ்கிப் போனான் என்கிற துக்கத்தில் புத்தி கெட்ட ஒரு தாய். அதாவது மனிதப் பிறவி. 1981-ல் வந்த இரண்டாம் படத்தில் அந்த மகனே கொலைகாரனாக வந்தான். 1986-ல் வந்த ஆறாம் படத்திலோ, செத்துப் புதைக்கப்பட்ட அவன் பிணம் இடி விழுந்து எழுந்து நடக்கிறது! 2009 வரையில் இப்படி 12 படம் ஆயிற்று. ஆரம்பத்தில் மனிதன், போகப்போகப் பேய் என்பதே எந்தத் தேசத்திலும் தொடர்கதையின் வழியாயிருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? பேயின் மேல் பக்தியா? ஒருக்காலும் இல்லை. காரணம் காசேயாகும். நோய் தீர்ந்தவளை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. கொலை செய்தவன் மனிதனானால் போலீசு பிடிக்கும், கேசு நடக்கும், கதை முடிந்து போகும். பேய்க்கோ சாவு கிடையாது, வயது கிடையாது, ஜெயில் கிடையாது. எத்தனை தடவை ஓட்டினாலும் மறுபடியும் வரும். ஆகவே படமுதலாளிக்குப் பேயைப் போல லாபமான சரக்கு வேறு கிடையாது. செத்துப்போனவருக்குப் பசிக்கிறது என்று சொல்லி வருஷா வருஷம் அரிசியும் வாழைக்காயும் மூட்டை கட்டிக் கொண்டு போகும் புரோகிதனுக்கு இந்த ரகசியம் வெகு காலத்துக்கு முன்பே தெரியும். திதி என்பது இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று முடிவில்லாமல் போகின்ற தொடர்தானே!

"பயங்கரப் படம் என்றால் பேய் இல்லாமல் எப்படி எடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் கோயமுத்தூரே பதில் சொல்லும். சிங்காநல்லூரிலே இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனியார் எடுத்து 1951-ல் வெளியிட்ட "மர்மயோகி" படத்தில் பேய் வந்தது. அந்தப் பேய்க்குப் பயந்தே, தமிழ்ப் படங்களில் முதன்முதலாக அதற்கு, வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கத்தக்கது என்று சர்க்கார் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பேய் யார்? செத்துப் போனதாக எல்லோரும் எண்ணியிருந்த ராஜாவேயாகும்! தன்னைக் கொல்லப் பார்த்தவளின் குற்ற மனதைக் கலக்குவதற்காக, உயிரோடிருக்கும் ஒரு மனிதன் போட்ட வேஷம். அதன் பிறகு 1984-ல் நம் சூலூர்க்காரரான மணிவண்ணன் "நூறாவது நாள்" எடுத்தார். கோவைக்காரரான சத்யராஜ் மொட்டைத் தலையுடன் வந்து நின்றதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் யார்? வரப்போகும் கொலை பெண்ணுக்குக் கனவில் முன்கூட்டியே தெரிவதாக அதிலே காட்டியது நமக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் கொன்றவன் மனிதன். அவனை நடுங்க நடுங்கப் பார்த்தோம். அந்த மொட்டைத் தலையரே 2007-ல் பெரியாராகவும் நடித்தார். ஆகவே பயத்துக்குப் பேய் வேண்டியதில்லை. மனிதன் செய்வதே போதும்.

மற்றொரு சமாதானமும் சொல்லுவார்கள். பேய்ப்படத்திலாவது ஏழைக்கும் எளியவருக்கும் நியாயம் கிடைக்கின்றதே என்பார்கள். இரண்டாம் சந்திரமுகியின் கதாநாயகரான ராகவா லாரன்ஸ் 2011-ல் எடுத்த "காஞ்சனா" படத்தில், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை ஆவியாய் வந்து கொன்றவர்களைப் பழி வாங்குகிறாள். அவள் பட்ட துன்பத்தைக் கண்டு நம் மனமும் உருகியது உண்மையே. ஆனால் உயிரோடிருந்தவளுக்கு எந்தப் போலீசும், எந்தக் கோர்ட்டும், எந்த ஊராரும் நியாயம் செய்யவில்லை, செத்த பிறகுதான் கிடைக்கும் என்றால், அந்தப் பாடம் யாருக்கு லாபம்? கொலைகாரனுக்கே லாபம். ஆவி வந்து கேட்டுக் கொள்ளும் என்று ஜனங்கள் கையைக் கட்டிக் கொண்டிருக்கும் வரையில் அவனுக்கு என்ன பயம்?

சினிமாதானே, விளையாட்டுத்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால், கொட்டகைக்கு வெளியிலும் கங்காக்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் திடீரென்று குரல் மாறிப் பேசினாலும், சிரித்தாலும், அழுதாலும், காத்துக் கருப்பு அடித்துவிட்டது, புளியமரத்துப் பக்கம் உச்சிப் பொழுதில் போனாள் என்கிறார்கள். உடனே உடுக்கையும் வேப்பிலையும் சாட்டையும் வருகின்றன. இந்தப் பேய் யாரைப் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். புதிதாய் வாழ வந்த மருமகளைப் பிடிக்கும்; பிள்ளை இல்லையென்று ஏச்சுக் கேட்பவளைப் பிடிக்கும்; ராத்திரி ஷிப்டில் தூக்கமில்லாமல் நூல் மில்லில் நிற்கும் பெண்ணைப் பிடிக்கும். மில் முதலாளியைப் பிடித்ததாகவோ, பண்ணையக்காரரைப் பிடித்ததாகவோ, பேயோட்டியையே பிடித்ததாகவோ யாராவது கேட்டதுண்டா? வாய் திறந்து சொல்ல முடியாத துன்பம் வேறொரு குரலாக வெளியே வருகிறது. அதற்கு வைத்தியம் ஆறுதலும் டாக்டரும், சாட்டை அல்ல.

சாட்டையும் சங்கிலியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. மனநோயாளிகளைக் கடவுள் பேரால் குணமாக்கலாம் என்று நம்பிக் கொண்டுபோய் விட்ட அந்த ஊரில், 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். தர்காவானாலும் கோவிலானாலும் சர்ச்சானாலும் சங்கிலி சங்கிலிதான். 2017-ல் செய்யப்பட்ட மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடுத்திருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம் சங்கிலியை அவிழ்க்க, சினிமா மறு பக்கம், அது நோய் அல்ல, ஆவிதான் என்று சொன்னால், அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவார்கள்?

ஆகவே, தோழர்களே! பேய்ப்படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள், பயப்படுங்கள், சிரியுங்கள். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது, பார்த்தது விளக்கும் துணியும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் பாகம் பார்த்தவர்கள் முதற் பாகத்தையும் ஒரு தடவை வீட்டாருக்குக் காட்டுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்ததாகச் சொன்னால், கோடாங்கியைத் தேடாமல், கோவை சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் யோசனை சொல்லவும் சர்க்கார் ஏற்பாடு இருக்கின்றது. மூன்றாம் பாகம் எடுக்க நினைக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: பேயைத் திரையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுப்பிக் கொள்ளுங்கள், ஆனால் டாக்டர் குணமாக்கி அனுப்பிய பெண்ணை மறுபடியும் கோடாங்கியிடம் இழுத்துக் கொண்டு போகாதீர்கள்.