கொள்ளைக்காரன் பல் துலக்குகிறான்

பிரெஞ்சு நுவார் படங்கள், அதாவது இருண்ட குற்றப் படங்கள், என்று பேச்செடுத்தாலே போதும், நடிகர் அலன் தெலோனின் தொப்பியும் மழைக்கோட்டும் வந்துவிடும். 1967இல் வந்த மெல்வில்லின் 'லெ சாமுராய்' அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொப்பி அமெரிக்காவிடம் கடன் வாங்கியது. மெல்வில் என்ற பெயரையே ஓர் அமெரிக்க நாவலாசிரியரிடமிருந்துதான் அந்த இயக்குநர் எடுத்துச் சூட்டிக்கொண்டார். அசல் பாரிஸ் சரக்கு வேண்டுமென்றால் இன்னும் 13 வருடம் பின்னால் போக வேண்டும். ழாக் பெக்கரின் 'துஷே பா ஓ கிரிஸ்பி', 1954.

இதில் கொள்ளையையே காட்டுவதில்லை. படம் தொடங்கும்போதே தங்கக் கட்டிகள் கைக்கு வந்தாயிற்று. மேக்ஸ் என்ற பழுத்த ரவுடியாக ழான் கபேன். கூட்டாளி ரித்தோன் ஓர் இளம்பெண்ணிடம் உளறிவைக்க, எதிரிகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். மேக்ஸ் என்ன செய்கிறான்? நண்பனைத் தன் ரகசிய வீட்டுக்கு அழைத்துப் போய் ரஸ்க்கும் இறைச்சி விழுதும் எடுத்துவைக்கிறான், ஒயின் ஊற்றுகிறான். சாப்பிட்டதும் பைஜாமாவும் பிரஷ்ஷும் தருகிறான். பல் துலக்குகிறார்கள். ரித்தோன் கண்ணாடியில் தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறான். ஐம்பதைத் தாண்டிய எனக்கு எந்தக் கார் துரத்தலிலும் வராத கலக்கம் அங்கே வந்தது.

அடுத்த வருடம் 'ரிஃபிஃபி'. கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி ஹாலிவுட் கதவடைத்த ஜூல்ஸ் தஸ்ஸேன் பிரான்சில் எடுத்தது. நகைக்கடைக்கு மேல்மாடித் தரையைக் குடைந்து நான்கு பேர் இறங்குகிறார்கள். ஏறக்குறைய அரைமணி நேரம் ஒரு வசனம் கிடையாது, இசையும் கிடையாது. சிறு துளை வழியே மடக்கிய குடையை நுழைத்துக் கீழே விரிக்கிறார்கள். பெயரும் காரையெல்லாம் சத்தமில்லாமல் அதில் விழுகிறது. அலாரத்தின் வாயைத் தீயணைப்புக் கருவியின் நுரை அடைக்கிறது. ஜார்ஜ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதியிருந்தார். இசையோடும் இல்லாமலும் போட்டுப் பார்த்தபின் வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். இன்றைய திருட்டுப் படங்களில் பூட்டைத் தொடுமுன்பே டிரம்ஸ் முழங்கிவிடுகிறது. பயப்படு, இப்போது பயப்படு என்று காதருகே கத்தினால் யாருக்குப் பயம் வரும்?

திருட்டும் இந்தப் பழைய படங்களில் ஒரு வேலை. கை அலுக்கும், வியர்க்கும், வயதாகும், ஒருநாள் போதும் என்றிருக்கும். அந்த அலுப்புதான் என்னை இழுக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நண்பனிடம் அத்தனை பரிவு காட்டும் மேக்ஸ் பெண்களைச் சட்டென்று அறைகிறான். 'ரிஃபிஃபி'யின் டோனி பழைய காதலியை பெல்ட்டால் அடிக்கிறான். காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. கேமராவும் அந்த ஆண்கள் பக்கமே நிற்கிறது. முகம் சுளித்துக்கொண்டே பாருங்கள். கைபேசியை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த அரைமணி நேரம் வீண்.