வள்ளியின் தலைவனும் நாவல்களின் தலைவர்களும்

காதற்கதை படிப்பாரை நகைத்தல் கற்றோர்க்கு ஒரு வழக்கமாய்ப் போயிற்று. தருக்க நூலும் பொருளியல் நூலும் கையிற் கொண்டு நடப்பவன் அறிவுடையான் என்றும், தொடர்கதையைப் பாடநூலுள் மறைத்துப் படிப்பவள் வீண்பொழுது போக்குபவள் என்றும் நம் மாணவருட் பலர் எண்ணுகின்றனர். யாம் அவ்வாறு எண்ணுகின்றிலேம். ஒரு காலத்து மக்கள் எத்தகைய ஆடவனைத் தலைவன் எனக் கொண்டாடினர் என்பது, அக்காலத்து அரசாங்க ஏடுகளைக் காட்டிலும் காதற்கதைகளிலே தெளிவாய் விளங்கும். ஆதலின் அத்தலைவருள் எவர் நம் உள்ளத்தைக் கவர்கின்றனர், அங்ஙனம் கவர்தல் தக்கதோ என்பவற்றைச் சிறிது ஆராய்தல் தவறாகாது.

இவ்வாராய்ச்சிக்குத் திருத்தணிகையினும் ஏற்ற இடம் பிறிதில்லை. ஆடிக் கிருத்திகையிலே பூக்காவடி சுமந்து முந்நூற்றறுபத்தைந்து படிகளையும் ஏறுவோர் வாயில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் இவ்வூர் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரும் அவ்விரு மொழிகளும் இங்குப் பிரிந்தில. சூரனொடும் வேடரொடும் செய்த போர்களின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். வேடரொடு செய்த போர் யாதெனின், அது காதலின் பொருட்டு எழுந்தது. வள்ளியை மணந்த பின் அவளொடு அவன் வந்து தங்கிய மலை இதுவாம்.

கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தை ஒரு காதற்கதையாகவே படித்துப் பாருங்கள். வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைத் தினைப்புனத்தில் பரண்மீது நின்று கிளி ஓட்டும் வேடர்குலப் பெண் ஒருத்தி. அவள்முன் வானோர் சேனைத் தலைவன் தன் பெருமையெல்லாம் மறைத்து இளவேடனாய் வந்து நிற்கிறான். தந்தை வருங்கால் வேங்கை மரமாய் நிற்கிறான். பின்னர்க் கிழவனாய் வந்து தேனும் தினைமாவும் நீரும் கேட்கிறான். நாவலாசிரியர்கள் நூறு நூல்களிலே பகுத்து வைத்த தலைவர்களை இக்கதை ஒருவன் மேலேயே ஏற்றிவிட்டது. காளை வேண்டுவார்க்குக் காளை. நகைச்சுவை வேண்டுவார்க்குக் கிழவன். வாய்பேசாது நிழல் தருபவனை வேண்டுவார்க்கு மரம். மரத்தை விரும்பும் மங்கையரும் உளரோ என்று நகையற்க. குறைவாய்ப் பேசும் தலைவனுக்கு இன்றும் மதிப்பு மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டிலே தணிகைப் புராணம் செய்த கச்சியப்ப முனிவர், இக்காதலை அகப்பொருள் இலக்கண முறையில் அமைத்துக் களவுப் படலம் என்றே ஒரு படலம் வகுத்தார். துறவி ஒருவர் காதற்கதைக்கு இத்துணை இடம் தந்தனர் என்பதை நகைப்போர் நினைவிற் கொள்க.

நிற்க. தலைவரை வகைப்படுத்தும் வேலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. வடமொழி நாடக நூலார் தீரோதாத்தன், தீரலலிதன், தீரசாந்தன், தீரோத்ததன் என நால்வரைக் கூறினர். தொல்காப்பியரோ வேறொரு வழியில் சென்றார். தலைவனும் தலைவியும் ஒத்தவராதல் வேண்டும் என்று கூறி, தலைவன் உயர்ந்தவனாயினும் விலக்கில்லை என்று ஓர் இடம் விட்டார். இவ்வொரு சிறு வாயிலின் வழியேதான் பிற்காலத்துச் செல்வத் தலைவர் அனைவரும் நம் நாவல்களுள் நுழைந்தனர் போலும்! தலைவி உயர்ந்தவளாதற்கு அவர் இடம் வைத்திலர். அக்குறையை 1879இல் வெளிவந்த முதல் தமிழ் நாவலே தீர்த்து வைத்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் பெயரளவில் தலைவர். இடர்ப்பட்ட அவரைக் காப்பவள், ஆணுடை தரித்து அரசாண்ட ஞானாம்பாள். மனைவியால் காக்கப்படுவதில் சிறிதும் நாணாத அத்தலைவரை எமக்கு மிகவும் பிடிக்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற மாதவையா 1898இல் வெளியிட்ட பத்மாவதி சரித்திரத்திலோ தலைவன் நாராயணன் மனைவிமேல் ஐயங்கொண்டு வாடுகிறான். படித்த இளைஞனின் உள்ளத்தும் பழைய இருள் ஒரு மூலையிற் கிடத்தலைக் காட்டிய அந்நூலை மிஷன் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படித்தல் நலம்.

கல்கியிடம் வந்தால் வழக்குப் பெரிதாகிறது. சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை தொடர்கதையாய் வந்த காலத்தில் மாமல்லனைக் கொண்டாடாதார் யார்? ஆயினும் அவனைத் தலைவனாக ஏற்க எம் மனம் தயங்குகிறது. வாதாபியிற் சிறைப்பட்ட சிவகாமியை மீட்கச் சேனை திரட்டுகிறான். ஆண்டுகள் பல கழிகின்றன. இடையிலே பாண்டியன் மகளை மணந்தும் கொள்கிறான். வாதாபி வீழ்ந்த பின்னர் அவளுக்கு எஞ்சியது ஏகாம்பரநாதர் திருவடியே. கடமையே பெரிது என்பார் அவனைப் போற்றுவர். காத்திருந்தவள் பக்கம் நின்று நோக்குவார்க்கு அவன் காலம் தாழ்த்து வந்தவன். கல்கி தாமும் அவள் பக்கமே நின்றார் என்பது எம் துணிபு. நூலின் பெயரே அதற்குச் சான்று.

1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனிலே நூற்பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. படிப்பார் நெஞ்சமோ வந்தியத்தேவனுக்கு உரியது. அருள்மொழி குறையற்றவன், குறையற்றவனை வணங்கலாம், அவனொடு வழிநடத்தல் அரிது. வந்தியத்தேவனிடத்து நாடில்லை, பொருளில்லை. பழைய வாணர் குலப்பெயர் ஒன்றும், ஒரு குதிரையும், அடங்காத வாயும் உள்ளன. பொய் சொல்லி அகப்பட்டுக் கொள்கிறான். அவசரத்தால் ஆபத்தில் விழுகிறான். சோழ நாட்டு இளையபிராட்டி முன் நிற்குங்கால் தன் தாழ்வை அவன் மறைத்திலன். அவள் ஏவிய பணியைத் தலைமேற் கொள்கிறான். குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பது தஞ்சைக் கல்வெட்டாலும் அறியப்படுவது. வாணகப்பாடி நாடு நம் வடஆர்க்காட்டுப் பக்கத்ததே ஆதலின், அவன்மேல் எமக்குள்ள அன்பில் ஊர்ப்பற்றும் சிறிது கலந்திருக்கலாம்.

சாண்டில்யனின் கடல் புறாவில் இளையபல்லவனுக்குக் காஞ்சனாதேவி, மஞ்சளழகி என இருவர். தணிகை முருகனுக்கும் வள்ளி, தெய்வயானை என இருவர் என்று அதற்கு அமைதி கூறுவாரும் உளர்! குறிஞ்சி மலரின் அரவிந்தன் இவர்க்கெல்லாம் மறுதலை. இலட்சியமே உடம்பாய் வந்தவன். தம் மக்கட்கு அரவிந்தன், பூரணி எனப் பெயரிட்ட பெற்றோர் பலர். பெயரிடத் தக்கவன்தான், எனினும் அவன் சிரிக்கக் கண்டிலேமே என்னும் ஏக்கம் எமக்கு உண்டு.

இனிப் பெரிதும் இகழப்படும் தலைவனை நோக்குவோம். அவன் செல்வன், நெடியவன், கடுஞ்சொல்லன், யாரையும் மதியாதவன், இறுதியில் ஒரு பெண்முன் உருகுபவன். ரமணிசந்திரன் அம்மையாரின் நாவல்களில் இத்தகையோர் பலரைக் காணலாம். எல்லைக்கு அப்பால் தெலுங்கிலே எத்தனபூடி சுலோசனாராணி அம்மையார் எழுதிய செக்ரட்டரி என்னும் நாவலின் தலைவனும் இவ்வினத்தானே; அக்கதை 1976இல் திரைப்படமாகவும் வந்தது. இவர்க்கெல்லாம் மூத்தோர் ஆங்கில நாட்டில் உளர். 1813இல் ஜேன் ஆஸ்டின் படைத்த டார்சியும், 1847இல் சார்லட் பிரான்டி படைத்த ராச்செஸ்டரும் அவர். இத்தகைய தலைவனைப் பெண்கள் விரும்புவது அடிமைப் புத்தி என்று ஆடவர் சிலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். யாம் அதற்கு உடன்படேம். வீட்டிலும் அலுவலகத்திலும் கடுஞ்சொல் கேட்டுக் கேட்டு, அதனை மாற்றும் வலியின்றி வாழ்பவள், ஒரு கதையிலேனும் அக்கடுமை தன்முன் தலைவணங்கக் காணுதல் இயல்பான விருப்பமேயாம். அவள் விரும்புவது கடுமையை அன்று, அது பணிதலை.

ஆயின் பணிதலிலும் மெய்யும் பொய்யும் உண்டு. டார்சி முதன்முறை மணம் வேண்டுகிறான், எலிசபெத் மறுக்கிறாள். அவன் அவளைப் பின்தொடர்ந்து திரிந்திலன். தன்மேற் சாற்றிய குற்றங்கட்கு ஒரு கடிதத்தால் விடை கூறி நீங்கினான். நெடுநாட் கழித்து மீண்டும் கேட்டபொழுது, அவள் மறுப்பின் அத்தோடு விட்டுவிடும் மனத்தோடு கேட்டான். ராச்செஸ்டரோ மனைவி உயிரோடிருத்தலை மறைத்து ஜேனை மணக்க முயன்றான். அவள் இரவோடிரவாய் நீங்கினாள். தலைவி நீங்கிப் போகக்கூடியவள் என்று காட்டிய நூல், தலைவன் எத்துணைக் கொடியனாயினும் கேடு செய்யாது. நூறு பக்கம் அவமதிப்புற்றவள் நூற்றோராம் பக்கத்தில் ஒரு முத்துமாலைக்கு அனைத்தையும் மறந்தாள் என்னும் நூலே கேடு செய்வது. அத்தகைய நூல்கள் நம் வாடகை நூல்நிலையங்களில் நிரம்பவே கிடைக்கும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாய்த் தொடர்வதே காதல் என்று நம் திரைப்படங்கள் பல்லாண்டு கற்பித்தன. அதனைக் கற்ற இளைஞன் பேருந்து நிலையத்தில் நிற்கிறான். அவனுக்கு அஞ்சிப் படிப்பை விட்ட பெண்கள் உளர். அவனைக் கடிந்து கேட்டால், "முருகனே யானையை விட்டு வள்ளியை அச்சுறுத்தவில்லையா?" என்று விடையிறுக்கிறான். இவ்வினாவைச் சிரித்து ஒதுக்குதல் ஆகாது. கிழவனாய் வந்தவன் தமையனாகிய பிள்ளையாரை நினைக்க, அவர் யானையாய்த் தோன்ற, அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக் கொண்டாள் என்பது கதைதான்; அது சூழ்ச்சியே என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் புராணம் அங்கே தொடங்கவில்லை. திருமாலின் மகளிர் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனையே கணவனாய் அடைதல் வேண்டித் தவம் செய்தனர் என்றும், அச்சுந்தரவல்லியே வள்ளியாய்ப் பிறந்தாள் என்றும் அது முன்னரே கூறிவிடுகிறது. விழைந்தவள் அவள், அவன் வந்தது அவள் வேண்டுகோட்கு விடையாகவே. பெண்ணின் விருப்பம் முன்னே நில்லாவிடின் பின்வரும் விளையாட்டெல்லாம் விளையாட்டாகா என்பதைக் கச்சியப்ப சிவாசாரியர் அறிந்திருந்தனர் என்றே எமக்குத் தோன்றுகிறது. பேருந்து நிலையத்து இளைஞற்கு எவள் எப்பிறப்பில் தவம் செய்தாள்?

பின்னும் ஒன்று. உடன்போக்கிற் சென்ற இருவரையும் வேடர் வளைத்துப் பொருது மடிந்தனர், நம்பிராசனும் மடிந்தான். வென்ற தலைவன் அவ்வளவில் அவளை அழைத்துச் சென்றிருத்தல் கூடும். சுற்றத்தார் கிடந்த நிலை கண்டு அவள் வருந்தினாள். அவன் அவளையே எழுப்புமாறு பணித்தான். அவள் சொல்ல அவர் எழுந்தனர். பின்னர் ஊரறியத் தந்தை கைப்பிடித்துக் கொடுக்கவே திருமணம் நிகழ்ந்தது. தணிகைக்கு அவர் வந்தது அதன் பிறகுதான்.