புகைச்சது மெசின், பிழை விட்டது நான்

சித்திரை மாசக் கடைசிச் சனிக்கிழமை. கொலோனில் வெயில் எட்டிப் பார்த்த உடனே, அப்பா தன்ரை ஷ்ரேபர்கார்ட்டனுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். புல்லு வெட்டுற மெசின் பழைய டூ-ஸ்ட்ரோக். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினதுதான் தாமதம், பக்கத்துத் தோட்டம் முழுக்கப் புகை மூடிவிட்டது. அடுத்த கிழமை தோட்டச் சங்கத்தில் இருந்து கடிதம் வந்தது: புகையை நிறுத்துங்கோ, இல்லாட்டி அந்த மெசினை இங்கே பாவிக்கக் கூடாது.

அப்பா கடிதத்தை மடிச்சு வைச்சிட்டு, "சரி, தோட்டத்தை விட்டிடுவம், எனக்கும் வயசு போட்டுது" என்றார். கத்தரிக்கும் பச்சை மிளகாயும் நடுற அந்த இடம்தான் அவருக்கு இந்த ஊரில் கிடைச்ச ஊர். நான் விடவில்லை.

ஏழு வயசு மகள் கேட்டாள்: "அம்மப்பா, எங்கட கார் இப்பிடிப் புகைக்கிறேல்லையே, இது ஏன் புகைக்குது?" நல்ல கேள்வி. நாங்கள் டொய்ட்ஸ் ஸ்டேஷன் பக்கம் போகும்போது கடக்கிற ஒட்டோபிளாட்ஸ், நிக்கொலாஸ் ஒட்டோவின் பெயரில் இருப்பது. 1876இல் அவர் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினை ஓட வைச்சது ரைன் நதிக்கு அந்தப் பக்கம், டொய்ட்ஸில்தான். அந்த வகை என்ஜினில், இண்டைக்குக் கார்களில் இருப்பது போல, ஒயில் தனியாக நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கிலோ ஒயிலைப் பெற்றோலோடேயே கலக்க வேணும். அது உள்ளுக்குள் தேய்மானத்தைத் தடுத்துக்கொண்டே பெற்றோலோடு சேர்ந்து எரியும். அதனால் கொஞ்சப் புகை அதன் சுபாவம். மேகம் மாதிரி வந்தால்தான் வருத்தம்.

முதல் குற்றவாளி அப்பா என்று முடிவு கட்டினேன். அவர் 1993இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். பெற்றோல் தடை இருந்த அந்தக் காலத்தில் சனம் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். "அப்ப புகைச்சாலும் ஓடினாக் காணும்" என்பார். இங்கேயும் ஒயிலைக் கண்ணளவில்தான் ஊத்தினவர். கையேட்டில் 1:50, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஒயில். அவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஊத்தியிருந்தார். பழையதை ஒரு கானில் வடிச்சு எடுத்து, அளவுக் கோப்பையால் புதுசாகக் கலந்தோம்.

கலவையை மாத்தின உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சைலன்சரில் படிஞ்ச பழைய ஒயில் எரிஞ்சு முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கால் மணித்தியாலம் விட்டோம். குறைஞ்சது, ஆனால் நிற்கவில்லை.

"ஒயிலை இன்னும் பாதியாக் குறைப்பம் அப்பா" என்றேன். அவர் என் கையைப் பிடிச்சிட்டார். "பிள்ளை, புகை நிண்டிடும். பிறகு பிஸ்டனும் நிண்டிடும்." அதை நான் மறக்க மாட்டேன். ஒயில் காணாத டூ-ஸ்ட்ரோக் சூடேறி இறுகிவிடும். புகை இல்லை என்பதால் மட்டும் மெசின் சுகமாக இருக்குது என்று சொல்ல ஏலாது.

பிறகு பிளக்கைக் கழட்டிப் பார்த்தோம். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எரிவு சரி. வெள்ளையாய் வெந்திருந்தால் பெற்றோல் காணாது. எங்களுடையது கறுப்பாய், நனைஞ்சு இருந்தது. அதாவது பெற்றோல் கூட வருது. டூ-ஸ்ட்ரோக்கில் பெற்றோல் கூடினால் ஒயிலும் கூடும், புகையும் கூடும்.

எயர் ஃபில்டர் சுத்தம். பிறகு காபரேற்றரின் அடியில் விரலை வைச்சேன். மெசின் ஓடாமல் நிற்கும்போதே ஈரம். உள்ளே இருக்கிற ஊசி பெற்றோலை மூடிப் பிடிக்கவில்லை.

அந்தக் காபரேற்றரை வாங்கினது நான்தான். போன வருஷம் மெசின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று, இணையத்தில் பிளக்கும் ஃபில்டரும் சேர்த்து மலிவு செட் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பெயரில்லாத நகல் சாமான். பார்க்க அச்சொட்டாக அதே மாதிரி இருந்தது. அப்பாவை ஒரு மாசம் குற்றம் சொன்ன வாய் அப்போதுதான் மூடியது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொட்டிலுக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதுக்குள் பழைய காபரேற்றர். அது பழுதே இல்லை. குளிர்காலம் முழுக்க நின்ற பெற்றோல் பிசின் மாதிரி இறுகி, துவாரத்தை அடைச்சிருந்தது, அவ்வளவுதான். கழுவி, கம்பெனிக் கஸ்கெட்டும் ஊசியும் மட்டும் புதுசாய் வாங்கிப் போட்டோம். கஸ்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். அதால் காத்து உள்ளே போனால் பெற்றோல் குறைஞ்சு என்ஜின் இறுகும்.

இப்போது ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு மூச்சுப் புகை, பிறகு இல்லை. சங்கத் தலைவர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டிலும் ஒரு புகைக்கிற மெசினும் ஒரு பிடிவாதமான அப்பாவும் இருந்தால், இந்த ஒழுங்கில் பாருங்கோ: கலவை, பிளக்கின் நிறம், ஃபில்டர், காபரேற்றர். கை வைக்க முதல் என்ஜினை ஆறவிட்டு, பிளக் வயரைக் கழட்டுங்கோ. கொட்டிலுக்குள் ஓட விடாதையுங்கோ, காபன் மொனொக்சைட் மணக்காது. குளிர்காலத்துக்கு முதல் டாங்கியை வெறுமையாக்குங்கோ. பழைய பெற்றோலைக் கானுக்குள் ஊத்தாமல் நகரசபையின் நச்சுக்கழிவு சேகரிப்பில் குடுங்கோ. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறும் விடுமுறை நாளும், மற்ற நாள்களில் இரவு 8 மணியில் இருந்து காலை 7 மணி வரையும் புல்லு வெட்டும் மெசின் ஓட்டக் கூடாது; இது சட்டம். தோட்டச் சங்கத்தில் மத்தியான ஓய்வு நேரமும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கோ.

மகள் இப்போது அளவுக் கோப்பையைத் தானே பிடிக்கிறாள். அப்பா பக்கத்தில் நின்று, "100, ஒரு துளியும் கூடாது" என்று எண்ணுகிறார். கண்ணளவில் ஊத்தின மனுஷன்!