சதுர அடியும் கன அடியும்

களப்பணிக்காக விடுதி அறையைக் காலி செய்யும் ஆய்வு மாணவர்கள், பொருள்களைப் போட்டுவைக்க வாடகைச் சேமிப்பறை எடுக்கையில் அளவுக்கு மீறியதையே பெரும்பாலும் எடுக்கின்றனர். தரையெங்கும் பரவிக் கிடப்பதைக் கண்டு 10-க்கு 10 அடி வேண்டும் என்று முடிவு செய்துவிடுகின்றனர். அங்கே எவரும் குடியிருக்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது சதுர அடி அன்று, கன அடி.

ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள அட்டைப்பெட்டி 1.5 கன அடி. நூல்கள் 20 பெட்டி என்றால் 30 கன அடி. இரும்பு பீரோ ஏறத்தாழ 30. கழற்றிய கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி யாவும் சேர்ந்து 40. ஆக மொத்தம் 100. 5-க்கு 5 அடி அறையில் 5 அடி உயரம் மட்டும் அடுக்கினாலே 125 கன அடி கிடைக்கும். (நூற்பெட்டிகளை அதற்குமேல் ஏற்றினால் அடிப்பெட்டி நசுங்கிவிடும். கட்டில் சட்டங்களை நிறுத்தித்தான் வைக்க வேண்டும்.)

பெரிய அறையின் பரப்பு இதைப்போல் நான்கு மடங்கு. வாடகையும் பரப்பை ஒட்டியே ஏறும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர்பட்ட மாணவர் பெறுவது மாதம் 8,000 ரூபாய். வெற்றிடத்துக்குப் போகும் பணம் களப்பயணச் செலவிலிருந்தே போகிறது. களப்பணியைக் கட்டாயமாக்கும் பல்கலைக்கழகம், விடுதியில் பூட்டிவைக்க ஓர் அறையேனும் ஒதுக்குவதே முறை. அதுவரை, 25 சதுர அடிக்குள் அடங்காதவற்றை இளைய மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.