தறி ஓடும் வீட்டுக்கே உரிமம்

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி உள்ளே திரும்பினால் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்ட ஊர் என்பது வைணவ மரபு. திவ்யதேசம் சேவிக்க வேனில் வருபவர்கள் விஜயராகவப் பெருமாளையும் மரகதவல்லித் தாயாரையும் தரிசித்துவிட்டு, இரவு தங்கக் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த நிலை நீடிக்காது. பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்தே இந்த வட்டாரத்தில் மனைப் பேச்சு மாறிவிட்டது. ஓடு வேய்ந்த பழைய வீடுகளை விடுமுறை வாடகைக்கு விடும் யோசனையும் பின்னாலேயே வரும்.

தங்குமிடத் தட்டுப்பாடு என்றால் என்னவென்று காஞ்சிக்குத் தெரியும். 2019 ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் வைபவத்துக்குச் சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். வீட்டில் ஓர் அறை இருந்தால் அது எவ்வளவு பெறும் என்பதை ஊர் அப்போதே கற்றுக்கொண்டது.

அறையை வாடகைக்கு விட நினைக்கும் நெசவு வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். தறியில் கிடைக்கும் கூலியை நம்பிப் பழைய உத்தரத்தை மாற்ற முடியாது; பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். முன்னறையைப் பயணிக்கு விட்டு அந்தக் காசில் கூரையைச் செப்பனிட்டால் வீடு பிழைக்கும். புதுச்சேரியின் தமிழர் பகுதியில், வைசியாள் வீதியின் முகப்புகள் ஒருசேரச் சீரமைக்கப்பட்டு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதுபெற்றதை நாம் பார்த்திருக்கிறோம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் சில, விடுதியான பிறகுதான் இடிப்பாரிடமிருந்து தப்பின.

ஆனால், செட்டிநாட்டின் கானாடுகாத்தான் வேறு, காஞ்சியில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் வேறு. அங்கே ஆளில்லாத வீட்டுக்கு ஆள் வந்தார்கள். இங்கே வீடுதான் பட்டறை. குழித்தறி தரையைத் தோண்டி அமைத்தது. கட்டிலைப்போல நகர்த்த முடியாது. ஏர்கண்டிஷன் அறை வேண்டுமென்றால் முதலில் மூடப்படுவது தறிக்குழிதான். கோர்வைப் புடவைக்கு நெய்பவர் ஒருவர் போதாது. கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பாவு விரித்துச் சரிசெய்யத் தெருவே வேண்டும், அதுவும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன். நாலு வீடு தள்ளி வாடகைக்கு வந்தவரின் இன்னோவா குறுக்கே நின்றால் அன்றைய வேலை கெட்டது. புவிசார் குறியீடு புடவைக்கு உண்டு, தெருவுக்கு இல்லை.

வீடுகள் பயணிகளுக்குப் போனால் ஊரில் வாழ்பவர்கள் இழப்பது என்ன என்பதைப் பார்சிலோனா தாமதமாக உணர்ந்தது. பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 விழுக்காடு ஏறியதைச் சுட்டிக்காட்டி, சுற்றுலா வீடுகளுக்கான 10,101 உரிமங்களையும் 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024-ல் அதன் மேயர் ஜௌமே கொல்போனி அறிவித்தார். அங்கே வாடகைக்குப் போனது முழு வீடு. உரிமையாளர் எங்கோ இருப்பார். சாவி ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

நம் விதி இந்த இடத்தில் அவர்களுடையதைவிடப் புத்திசாலித்தனமானது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டப்படி உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. சிக்கல் என்னவென்றால், இந்தப் பதிவு விரும்பினால் செய்துகொள்வது. பதிவே செய்யாமல் செயலியில் ‘முழு வீடு’ என்று போட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. உள்ளே வசிப்பவருக்கு மட்டுமே அனுமதி என்பதை உள்ளாட்சி கட்டாயமாக்க வேண்டும். காஞ்சியில் தறி ஓடும் வீட்டுக்குச் சொத்து வரியில் சலுகையும் தரலாம். குடும்பம் வெளியேறி, ஏஜென்ட் கைக்குப் போன வீட்டை லாட்ஜாகவே கருதி, வணிகக் கட்டணத்தில் மின்சாரம் கொடுக்கட்டும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு நம்முடையதாக இருந்தாலும் மனை பல இடங்களில் சாமியுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுகிறோம். அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அப்படிப்பட்ட மனையில் நிற்கும் வீட்டைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பவர், பின்னால் வழக்கை விலைகொடுத்து வாங்குகிறார். வாடகைத் தொகையைச் சொல்லும் தரகர் இதைச் சொல்வதில்லை.

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியானது. விதி வகுக்க அதற்கு அலுவலகமும் ஆட்களும் உண்டு. திருப்புட்குழிக்கு இருப்பது ஊராட்சி மன்றமும் கிராம சபையும்தான். சன்னதித் தெருவில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எது பூட்டிக் கிடக்கிறது, எந்த மனை கோயிலுடையது என்று ஒரு பதிவேடு எழுத அதுவே போதும். விமான நிலைய வேலை தொடங்குவதற்கு முன் அது எழுதப்பட வேண்டும். பிறகு எழுதினால் அந்தக் கதவெண்களுக்கு எதிரே வேறு பெயர்கள் இருக்கும்.