வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா? தெளிவாக இருக்கும்போதே எழுதிவையுங்கள்

சொத்துக்கு உயில் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நினைவு தப்பி ஐ.சி.யூ.வில் கிடக்க நேர்ந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைத்தவர்கள் அரிது. அதையும் எழுதி நோட்டரி சான்றொப்பம் பெற்றுவைக்கும்படி மருத்துவர்கள், வழக்குரைஞர்கள், மூத்த குடிமக்கள் அடங்கிய எங்கள் குழு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015இல் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்கேயே படுக்கையில் கிடந்தார். உணவை நிறுத்தலாமா, தொடரலாமா என்ற வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, எழுத்தாளர் ஒருவர் ஒரு பக்கமும் பராமரித்த செவிலியர்கள் மறுபக்கமும் நின்றனர். அருணாவால் எதுவும் சொல்ல முடியவில்லை.

காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’லுக்கு அனுமதி தந்தது. ஆனால் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பமும் வேண்டும் என்றது. அதற்காகக் கோர்ட்டுப் படி ஏற யாருக்கு மனம் வரும்? 2023 ஜனவரியில் அந்த நிபந்தனை தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும்.

நோட்டரியின் வேலை முத்திரை குத்துவதோடு முடிவதில்லை. எழுதியவர் வற்புறுத்தல் இன்றி, விளைவைப் புரிந்துகொண்டே கையெழுத்திட்டார் என்று திருப்தியடைந்து அதைப் பதிய வேண்டும். ஆகவே நேரில் செல்லுங்கள், ஆள் அனுப்பாதீர்கள்.

பிள்ளைகள் இதைத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம் இயல்பே. ஆனால் சிகிச்சையை நிறுத்துமுன், நோய் குணமாகாது என்று மருத்துவமனையின் மூவர் குழு முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவது மூவர் குழு அதை ஏற்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகும். ஊசி போட்டு உயிரை முடிக்க இதில் இடமில்லை. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

எழுதுவோர் 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். தம் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்ட உறவினரின் பெயரைக் குறிப்பிடலாம். அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். இன்னொரு பிரதி மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் ஏற்பாடு. உங்கள் ஊரில் அதைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் யார் என்று எழுதிக் கேளுங்கள். யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுங்கள்.